தரவு முதல் அறிவு வரை: தோட்டத்து வாசிகசாலைக்குத் தேவையான கணினிச் சொற்கள்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் பழைய செக்ரோல் (தொழிலாளர் வேலை, சம்பளக் கணக்கு) புத்தகங்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள், காமன் கூத்து என்ற நாட்டார் கூத்தின் பாட்டுக் கொப்பிகள், கொஞ்சம் படங்கள் என்று சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றப் போகிறீர்கள். பயிற்சி தர வந்தவர் டேட்டா, டேட்டாபேஸ், மெட்டாடேட்டா, யுனிகோட், ஓசிஆர், டெக்சொனமி, பெக்கப், கிளவுட், நொலெஜ் மனேஜ்மென்ட் என்று அரை நாளில் அடுக்கிவிட்டுப் போய்விட்டார். உயர்தரத்தில் ஐசிடி படித்த பிள்ளைகளுக்கே பாதிதான் விளங்கியது. இவற்றுக்கெல்லாம் என்ன பொருள், இதில் எது உங்களுக்குத் தேவை என்பது கேள்வி.

எல்லாமே ஒருநாள் தேவைப்படும். ஆனால் ஒரே அளவுக்கு இல்லை. என்னைக் கேட்டால், ஒரு சிறிய வாசிகசாலைக்கு மெட்டாடேட்டாதான் உயிர். அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றில் பாதி தானாக விளங்கும். அதற்கு முன் தரவையும் தகவலையும் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

பழைய தாள் ஒன்றில் 2025 என்று மட்டும் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். அது ஓர் ஆண்டாக இருக்கலாம். தோட்டத்தில் வேலை செய்தவரிடம் காட்டினால், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டிஆர்ஐ 2025 என்ற வீபீ (விதையில்லாமல் துண்டிலிருந்து வளர்க்கும்) தேயிலை இனம் என்பார். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இருந்தவரிடம் காட்டினால், ஒரு நாள் வந்த கொழுந்தின் நிறை என்பார். வெறும் 2025 தரவு. அது எதைப் பற்றியது, எந்த அலகில், எப்போது எழுதியது என்பதெல்லாம் சேர்ந்த பிறகு அது தகவல். 1962ஆம் ஆண்டின் கொழுந்துக் கணக்கில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே 18 என்று இருந்தால் அது இறாத்தல். சுமார் 8 கிலோ. இன்றைய பிள்ளை ஒருவர் அதைக் கிலோ என்று நினைத்துப் பதிந்துவிட்டால், அந்தப் பெண் பறித்த கொழுந்து கணினியில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். எழுதப்பட்ட எண் சரி, தகவல் பிழை.

அறிவு என்பது அடுத்தது. ஒரு மாதம் கொழுந்தின் நிறை குறைந்தது பனி விழுந்து கொழுந்து கருகியதாலா, அந்த மலையை (தேயிலை நிலத்தை) கவ்வாத்து வெட்டியதாலா, ஆட்கள் வேலைக்கு இறங்காததாலா என்று பார்த்துச் சொல்லத் தெரிவது அறிவு. முகாமைத்துவ அறிஞர் ரசல் அக்கொஃப் 1989இல் வெளியிட்ட கட்டுரையில் தரவு, தகவல், அறிவு, விளக்கம், ஞானம் என்று இதை வரிசைப்படுத்தினார். பயிற்சிகளில் இதையே கூம்பகமாக வரைந்து காட்டுவார்கள். அந்தப் படம் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். தரவு மழைபோல் தானாக விழுவதில்லை. யாரோ ஒருவர் தன் தேவைக்காகத் தெரிந்தெடுத்து எழுதியதுதான் தரவு. செக்ரோல் சம்பளம் போடுவதற்காக எழுதப்பட்டது. அதில் யாருக்கு எத்தனை “பேர்” (ஒரு நாள் வேலைக் கணக்கு) விழுந்தது, எவ்வளவு முற்பணம் கழித்தார்கள் என்பது இருக்கும். அன்று காய்ச்சலோடு மலைக்குப் போனவர் யார் என்பது இருக்காது. உங்கள் தொகுப்பைப் பாவிக்க வரும் மாணவருக்கு இந்த இல்லாததையும் சொல்லிவைக்க வேண்டும். அதை எங்கே எழுதுவது? மெட்டாடேட்டாவில்தான்.

மெட்டாடேட்டா என்றால் ஒரு பொருளைப் பற்றிய விவரம். படம் ஒன்று இருக்கிறது: லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) முன்னால் இருபது பேர் வரிசையாக நிற்கிறார்கள். பின்புறம் பென்சிலால் தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), ஆண்டு, என்ன நிகழ்ச்சி என்று யாரோ எழுதி வைத்திருந்தால் அந்தப் படம் ஓர் ஆவணம். எழுதாவிட்டால் யாரோ சிலர் நிற்கும் படம், அவ்வளவுதான். அந்தப் பென்சில் வரிகளே மெட்டாடேட்டா. ஸ்கேன் செய்யும்போது நிறையப் பேர் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போவார்கள். பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள்.

என்னென்ன விவரம் எழுதுவது என்பதற்கு உலகம் முழுதும் பாவிக்கும் ஒரு பட்டியல் உண்டு. டப்ளின் கோர் என்று பெயர். 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் நூலகர்களும் கணினி ஆட்களும் கூடி உருவாக்கத் தொடங்கியது. தலைப்பு, ஆக்கியவர், பொருள், திகதி, வடிவம், மொழி, இடம், உரிமை என்று மொத்தம் 15 கூறுகள். பதினைந்தையும் நிரப்பவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆக்கியவர் யார், எங்கே, எப்போது, இது எப்படி நம் கைக்கு வந்தது, இந்த நான்கும் இருந்தாலே உங்கள் தொகுப்பு நிற்கும். நிச்சயமில்லாத திகதியை நிச்சயம்போல் எழுதாதீர்கள். “1950களில், கொடுத்தவர் சொன்னபடி” என்று எழுதுவது நேர்மையான மெட்டாடேட்டா.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு மலையகத்தில் தனிக் காரணம் இருக்கிறது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் வழிவந்த நம் ஆட்கள் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, திருமணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததைக் காட்டவேண்டியிருந்தது. லயத்தில் வாழ்ந்த ஒருவருக்கு அதைக் காட்டக் காகிதம் எங்கே இருந்தது? பெயரும் தோட்டமும் திகதியும் தெளிவாக உள்ள ஒரு தாளுக்கும், அவை இல்லாத தாளுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் பாட்டன், பாட்டி அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள்.

கைபேசியில் எடுக்கும் படத்துக்குள்ளும் மெட்டாடேட்டா இருக்கிறது. எடுத்த திகதி, நேரம், கைபேசியின் வகை, சிலவேளை இடம்கூடத் தானாகப் பதிந்துவிடும். ஆனால் அதை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும், படமும் சுருங்கிவிடும். ஆகவே ஊரில் யாராவது பழைய ஆவணத்தைப் படமெடுத்து அனுப்புவதாக இருந்தால், “டொக்கியுமென்ட்” என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் டேட்டாபேஸ். தரவுத்தளம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எக்செல் போன்ற விரிதாளில் எதையும் எங்கேயும் எழுதலாம். தரவுத்தளத்தில் எந்தக் கட்டத்தில் என்ன வரலாம் என்று முன்பே தீர்மானித்துவிடுகிறோம். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் கோட் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றுள்ள பெரும்பாலான தரவுத்தளங்கள் பிறந்தன. அவருடைய வழி இதுதான்: ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் அட்டவணை, அட்டவணைகளை இணைக்க ஒரு திறவுகோல். குறுக்கே போகும் ஒரு வரிசை ஒரு பதிவு. மேலிருந்து கீழே போகும் ஒரு நிரல் ஒரு புலம்.

திறவுகோல் ஏன் வேண்டும் என்பதை நம் செக்ரோலிலேயே பார்க்கலாம். ஒரே டிவிசனில் நான்கு செல்லம்மா இருப்பார்கள். ஒரே செல்லம்மாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருக்கும், ஏனென்றால் தமிழ் தெரியாத ஒருவர் காதால் கேட்டு எழுதியிருப்பார். பெயரை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. ஆகவே ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தனி எண். நம் கையிலுள்ள அடையாள அட்டை எண் அதற்கு நல்ல உதாரணம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதனோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். 1985 பெப்ரவரி 1இல் பிறந்த பெண்ணின் எண் 85532 என்று தொடங்கும். 2016 முதல் வந்த புது எண்ணில் 12 இலக்கம், ஆண்டு முழுதாக நான்கு இலக்கத்தில்.

எண்ணுக்குள் இப்படி விவரத்தைப் புதைப்பது அரசாங்கத்துக்குச் சரி. உங்கள் தொகுப்பில் செய்யாதீர்கள். ஒரு கொப்பிக்கு அதன் ஆண்டையும் தோட்டத்தையும் வைத்து எண் கொடுத்து, பிறகு ஆண்டு பிழை என்று தெரியவந்தால் எண்ணையே மாற்றவேண்டி வரும். 0001, 0002 என்று வந்த வரிசையில் எண் போடுங்கள். விவரமெல்லாம் புலங்களில் இருக்கட்டும்.

எக்செல்லில் தொடங்குவதில் தவறில்லை. சிறிய தொகுப்புக்கு அது போதும். திகதியில் மட்டும் கவனம். 03/04/1964 என்று எழுதினால் மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று கணினி தன் அமைப்புக்கு ஏற்ப முடிவெடுத்துவிடும். 1964-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுவது சர்வதேசத் தரம். கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போதும் கால வரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும். இன்னொன்று, எக்செல்லின் நாட்காட்டி 1900 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய திகதியை அது வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். கோப்பிக் காலத்துத் தாள் ஏதாவது கைக்கு வந்தால் ஆண்டு, மாதம், நாளுக்குத் தனித்தனிப் புலம் வைத்துவிடுங்கள்.

யுனிகோட் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் உங்கள் சங்கத் துண்டுப்பிரசுரங்களில் கணினியில் தட்டியவை அநேகமாகப் பாமினியில்தான் இருக்கும். பாமினி ஓர் எழுத்துரு. அதில் “அம்மா” என்று திரையில் தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடினால் அகப்படாது. யுனிகோட்டில் உலகின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிரந்தர எண் உண்டு. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. எந்த எழுத்துருவைப் போட்டாலும் அகரம் அகரமாகவே இருக்கும்.

பைட் என்ற சொல்லும் இங்கேதான் பயன்படும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். பிட் என்பது 0 அல்லது 1. கொழுந்து என்ற சொல் நமக்கு நான்கு எழுத்து. யுனிகோட்டில் அது எட்டுக் குறிகள்: ககரம், ஒகரக் குறி, ழகரம், உகரக் குறி, நகரம், புள்ளி, தகரம், உகரக் குறி. இணையத்தில் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக 24 பைட். ஆங்கிலத்தை நினைத்துச் செய்த படிவங்களில் தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுவதற்கு இதுவே காரணம். நீங்கள் தரவுத்தளம் அமைக்கும்போது பெயருக்கான புலத்தைத் தாராளமாக விடுங்கள்.

ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். அதிலுள்ள எழுத்தை அடையாளம் கண்டு தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் மென்பொருள்தான் ஓசிஆர். அச்சடித்த தமிழை இன்று ஓரளவு நன்றாகவே படிக்கிறது. கணக்கப்பிள்ளையின் கையெழுத்தைப் படிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். செக்ரோலை ஆட்கள் இருந்துதான் தட்டவேண்டும். ஸ்கேன் அளவு அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். மூலப் பிரதியை டிஃப் வடிவத்தில் வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் ஜேபெக் அல்லது பிடிஎஃப் எடுங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் விவரத்தைத் தின்றுவிடும்.

டெக்சொனமி என்றால் வகைப்பாடு. இதில் நாம் பெருமையோடு சொல்லவேண்டிய ஒருவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். மெல்வில் டூயி 1876இல் கொண்டுவந்த தசம முறையில் ஒரு நூல் கிளைகிளையாகப் பிரிந்து ஒரே இடத்தில் போய் நிற்கும். இரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் வகைப்பாட்டில் ஒரு விஷயத்தை அதன் மையக் கூறு, அது எதனால் ஆனது, செயல், இடம், காலம் என்று ஐந்து பக்கத்திலிருந்து பார்க்கிறார். ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் நடந்த வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதைப் பற்றிய ஒரு துண்டுப்பிரசுரம் உங்களிடம் இருந்தால் எந்த அலமாரியில் வைப்பீர்கள்? தொழிற்சங்கமா, ஹேவாஹெட்டையா, பொலிஸா? கிளை முறையில் ஒன்றைத்தான் தெரிந்தெடுக்கலாம். இரங்கநாதன் முறையில் எல்லாப் பக்கத்தையும் பதியலாம், எந்தப் பக்கத்திலிருந்து தேடினாலும் வந்து சேரலாம். இன்றைய கடை இணையத்தளங்களில் விலை, நிறம், அளவு என்று இடப்பக்கத்தில் தெரிவு செய்கிறோமே, அந்த வழியின் மூலச் சிந்தனை அவருடையது.

டேக் என்பது பாவிப்பவர் தன் விருப்பத்துக்கு ஒட்டும் சொல். எளிது, ஆனால் ஒருவர் லயம் என்பார், இன்னொருவர் லயன் என்பார், மூன்றாமவர் லைன் வீடு என்பார். மூன்றும் மூன்று இடத்தில் கிடக்கும். ஆகவே எந்தச் சொல்லை நிலையாகப் பாவிப்பது என்று முடிவுசெய்து, மற்றவற்றை அதற்குக் கீழே “பார்க்க” என்று கட்டிவிடுவார்கள். அதற்குக் கட்டுப்படுத்திய சொற்றொகுதி என்று பெயர். வெளியார் ஸ்டோர் என்றால் களஞ்சியம் என்றே நினைப்பார். நமக்கு அது தேயிலைத் தொழிற்சாலை. பிரட்டுக்களம், பேர், மலை என்று இப்படிச் சொல்லத் தொடங்கினால் ஒரு சின்னக் கொப்பியே நிறையும். அந்தக் கொப்பியை முதலிலேயே எழுதிவிடுங்கள். ஒன்டோலொஜி என்பது இதற்கும் ஒரு படி மேல், எது எதனோடு எப்படித் தொடர்புடையது என்பதையும் கணினிக்குச் சொல்வது. இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

நொலெஜ் மனேஜ்மென்ட், அறிவு முகாமைத்துவம், கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு கூட்டத்துக்குத் தெரிந்தது அந்தக் கூட்டத்தை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான் அது. அதில் முக்கியமான பிரிவு வெளிப்படையான அறிவும் உள்ளுறைந்த அறிவும். எழுதி வைக்கக்கூடியது வெளிப்படையானது. கையிலும் காதிலும் இருந்துகொண்டு சொல்லில் வராதது உள்ளுறைந்தது. தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி 1966இல் இதைப் பற்றி எழுதினார். நம்மால் சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்பது அவர் கருத்து.

உங்களிடம் உள்ள காமன் கூத்துக் கொப்பியைத் திறந்து பாருங்கள். பாட்டு இருக்கும். ரதியும் மதனும் வரும்போது தப்பு (பறை) அடி எப்படி விழவேண்டும், காமன் எரியும் கட்டத்தில் அடி எப்படி மாறவேண்டும் என்பது அதில் இருக்காது. அது தப்படிக்கும் பெரியவரின் மணிக்கட்டில் இருக்கிறது. அவரிடம் கேட்டால், “அது வரும், அடிச்சாத் தெரியும்” என்பார். அது மழுப்பல் இல்லை, அவருக்குத் தெரிந்த உண்மையான பதில். ஜப்பானில் மட்சுஷிட்டா நிறுவனம் 1980களில் வீட்டில் பாண் சுடும் இயந்திரம் செய்தபோது மா சரியாகப் பிசைபடவில்லை. மென்பொருள் பிரிவில் இருந்த ஒரு பெண் ஒசாகா ஹோட்டல் ஒன்றின் தலைமைப் பாண் தயாரிப்பாளரிடம் போய்க் கூடவே நின்று பழகி, அவர் மாவை இழுத்து முறுக்கும் விதத்தைக் கண்டுபிடித்தார். இயந்திரம் அதன்பிறகே சரியாக வந்தது. முகாமைத்துவ அறிஞர் இகுஜிரோ நொனாகா இந்தக் கதையை வைத்துத்தான் அறிவு எப்படி ஆளிடமிருந்து ஆளுக்கும், ஆளிடமிருந்து எழுத்துக்கும் போகிறது என்று விளக்கினார். ஆகவே பெரியவரை வீடியோ எடுங்கள், கைகள் தெரியும்படி, ஓர் அடி முழுதாக முடியும்வரை நிறுத்தாமல். அதோடு இரண்டு பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். வீடியோவால் மட்டும் அடி பழக முடியாது.

மீதிச் சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம். இன்டர்நெட் கணினிகளை இணைக்கும் வலையமைப்பு. வெப் அதன்மேல் ஓடும் ஒரு சேவை, டிம் பேர்னர்ஸ்-லீ 1989இல் சேர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்தது. சேர்வர் மற்றக் கணினிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணினி. அல்கொரிதம் ஒரு வேலையை முடிக்கும் படிமுறை. விக்கி பலர் சேர்ந்து திருத்தக்கூடிய பக்கங்கள். வார்ட் கன்னிங்ஹாம் 1995இல் தொடங்கியது. யார் எதைத் திருத்தினார் என்ற வரலாறு அதில் மிஞ்சுவதால் உங்களைப்போன்ற குழுவுக்கு நல்லது. 2005இல் தொடங்கிய, “நூலகம்” என்ற பெயருள்ள எண்ணிம (டிஜிட்டல்) நூலகமும் விக்கி மென்பொருளில்தான் இயங்குகிறது.

பெக்கப்புக்கும் கிளவுட்டுக்கும் வருவோம். கிளவுட் என்றால் வேறொரு நிறுவனத்தின் கட்டடத்தில் ஓடும் சேர்வர்களில் இணையம் வழியாக இடம் எடுப்பது. கைபேசியோடு ஒத்தியங்கும் கிளவுட் கணக்கு பெக்கப் ஆகாது. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். பெக்கப் என்றால் தனியாக நிற்கும் மறுபிரதி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒரு பிரதியாவது வேறு ஊரில் என்பது துறையில் உள்ள வழக்கம். அந்த மூன்றாவதுதான் நமக்கு மிக முக்கியம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. மடிக்கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே அலுமாரியில் இருந்தால் அப்படியான நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. ஒரு பிரதியை பண்டாரவளையிலோ கொழும்பிலோ நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள், ஆண்டுக்கொருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறந்து பார்க்காத பெக்கப் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

பயிற்சியில் வராத ஒரு சொல்லையும் சேர்க்கிறேன்: அணுகல் உரிமை. எதை யார் பார்க்கலாம் என்பது. செக்ரோலில் இன்னும் உயிரோடு இருப்பவர்களின் கடன், முற்பணம், பிடித்தம் எல்லாம் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் இருக்கிறது. கூத்துக் கொப்பியில் யாராவது சொந்தமாகக் கட்டிய பாட்டு இருந்தால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை அவர் குடும்பத்துடையது. ஸ்கேன் செய்வது வேறு, எல்லோருக்கும் திறந்துவிடுவது வேறு. அட்டவணையில் “உரிமை” என்று ஒரு புலம் வைத்து, “திறந்தது”, “வாசிகசாலையில் மட்டும்”, “குடும்பத்தைக் கேட்டு” என்ற மூன்றில் ஒன்றை ஒவ்வொரு பதிவுக்கும் எழுதுங்கள். கொப்பியைத் தந்த வீட்டில் அன்றே கேட்டுவிடுங்கள், பதிலையும் கேட்ட திகதியையும் அதே வரிசையில் பதிந்துவிடுங்கள்.